தன்னைப் பற்றித் தானே எழுதலாமா?



சென்ற மாதம் ஒரு புதன்கிழமை, சகாயமாதா நவநாள் முடிந்து கோவில்பிள்ளை விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த ஒரு பெரியவர் அலுவலக வாசலில் வந்து நின்றார். எழுபது வயதைத் தாண்டியவர். கையில் ஒரு துணிக்கடைப் பை, அதற்குள் சில காகிதங்கள். அவருக்கு இரண்டடி பின்னால், ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றின் சீருடையோடு அவருடைய மகன். தகப்பனும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நின்ற விதத்திலேயே, வழியெல்லாம் வாதாடிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது விளங்கிற்று. பங்குக் குருவிடம் வருகிற வழக்குகளில் பாதி நிலத்தகராறு, பாதி கலியாணத் தகராறு. இது இரண்டிலும் சேராதது.

பெரியவர் பறை அடிக்கிறவர். யார் என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மகன் கேட்டுக்கொண்டபடி பெயரை இங்கே அச்சிடவில்லை.

காரியம் இதுதான். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் ஒரு மாவட்டக் கலை மன்றம் உண்டு. அது அந்தந்த மாவட்டத்துக் கலைஞர்களுக்கு வயதை ஒட்டி ஐந்து விருதுகள் அளிக்கிறது. 18 வயது வரை உள்ளவர்களுக்குக் கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, 66-க்கு மேற்பட்டவர்களுக்குக் கலை முதுமணி. நம் படப்பை காஞ்சிபுரம் மாவட்டத்தில் அடங்கியதால், விண்ணப்பம் காஞ்சிபுரத்துக்குப் போக வேண்டும். வயதுச் சான்று, புகைப்படம், கலை அனுபவத்துக்கு ஆதாரம் இவற்றோடு, தம் கலை வாழ்வைப் பற்றி ஒரு பக்கம் எழுதியும் வைக்க வேண்டும் என்று யாரோ பெரியவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அங்கேதான் வழக்குத் தொடங்கியது.

"சாமி, என்னைப் பத்தி நானே பெருமையா எழுதிக் குடுக்கணுமாம். அது பாவம் இல்லையா?" என்றார் பெரியவர்.

"எழுதறதப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல ஃபாதர். ஆனா சாவு மோளம்னு ஒரு வார்த்தை அதுல வரக்கூடாது," என்றார் மகன்.

பையிலிருந்த காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். அவர்கள் தெருவில் கல்லூரிக்குப் போகிற ஒரு தம்பி கைப்பேசியின் துணையோடு எழுதிக் கொடுத்தது. கலைத்தாயின் தவப்புதல்வர் என்று ஆரம்பித்து, கடல் கடந்து புகழ் பரப்பியவர் என்று முடிந்திருந்தது. "ஐயா, நீங்கள் எந்தெந்த ஊருக்குப் போய் அடித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ணினார். "மணிமங்கலம், சோமங்கலம், ஒரகடம், வாலாஜாபாத் வரைக்கும். ஒரு தபா வேளாங்கண்ணி போனேன். அது அடிக்க இல்ல சாமி, கும்புட." மகனும் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். அதன் பிறகுதான் மூவரும் உட்கார்ந்து பேச முடிந்தது.

பெரியவர் கேட்ட கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். தலையான பாவங்கள் ஏழில் முதலாவது ஆங்காரம் என்று ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். வலது கை செய்வதை இடது கை அறியலாகாது என்று கேட்டு வளர்ந்தவர்கள். ஆகையால், நான் இன்னின்னது செய்தேன், எனக்கு விருது கொடுங்கள் என்று காகிதத்தில் எழுதிக் கையொப்பம் போடுவதென்றால் நல்ல கிறிஸ்தவனுக்குக் கை கூசுவது இயல்பே. கூசாதவனைக் கண்டால்தான் எனக்குச் சற்றுப் பயம்.

ஆனால் கூச்சம் ஒன்று, பாவம் வேறொன்று. அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் உண்மையுடைமையைத் தனி ஒரு புண்ணியமாக வைத்து ஆராய்கிறார். மனிதன் தன்னைப் பற்றிப் பேசும்போது, தான் உள்ளபடி இருப்பதைக் கூட்டாமலும் குறைக்காமலும் வெளியிடுவது அந்தப் புண்ணியத்தின் வேலை என்கிறார். அதற்கு விரோதமாக இரண்டு குற்றங்களைக் காட்டுகிறார். ஒன்று, இருப்பதற்கு மேல் தன்னை உயர்த்திக் கூறும் தற்புகழ்ச்சி. மற்றது, தன்னிடம் உள்ள நன்மையை இல்லை என்று மறுத்து, இல்லாத இழிவை இருப்பதாகச் சொல்லிக்கொள்வது. குருமடத்தில் இதைப் படித்த நாளில் இரண்டாவது குற்றத்தை நான் பெரிதாக எண்ணவில்லை. தன்னைத் தாழ்த்துகிறவன் எப்படிக் குற்றவாளி ஆவான் என்று நினைத்தேன். பங்குகளில் இருபது வருஷம் வேலை செய்த பின் அதன் அர்த்தம் புரிகிறது. சமையலில் தேர்ந்த பெண் தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாள். அது சபை மரியாதை, குற்றமில்லை. ஆனால் ஐம்பது வருஷம் ஒரு வித்தையைப் பிழையறக் காத்து வந்த மனிதன், "நான் என்னத்தப் பெருசா பண்ணேன், தோலைத் தட்னேன்" என்று சொல்லும்போது, அவன் தன்னை மட்டும் தாழ்த்துவதில்லை. கொடுத்தவரின் கொடையையும் சேர்த்தே தாழ்த்துகிறான். தாலந்தை மண்ணில் புதைத்தவனின் உவமையை நாம் சோம்பேறிகளுக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறோம். கூச்சமுள்ளவர்களுக்கும் அதில் பங்குண்டு என்பது என் எண்ணம்.

அதே இடத்தில் அர்ச். தோமாஸ் இன்னொரு வேறுபாட்டையும் காட்டுகிறார். உள்ளதைச் சொல்லாமல் விடுவது வேறு, உள்ளதை இல்லை என்பது வேறு. தன் நன்மைகள் எல்லாவற்றையும் எடுத்துரைக்காமல் சிலவற்றை மௌனத்தில் வைத்துக்கொள்பவன் உண்மைக்கு விரோதி அல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மகனுடைய கேள்விக்கு வரும்போது இது வேண்டியிருக்கும்.

தன்னைப் பற்றி எழுதுகிற விஷயத்தில் புனிதர்களே நமக்கு முன்னோடிகள். அவிலா தெரேசம்மாள் தம் வாழ்க்கையை எழுதியது ஆன்ம குருக்களின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து. குழந்தை தெரேசம்மாள் 1895-ஆம் ஆண்டில் தம் பால்யத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதியது, அப்போது மடத்தின் தலைவியாக இருந்த சொந்த அக்காள் எழுதச் சொன்னதால். அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், வேறு வழியில்லாமல் தம் பாடுகளையெல்லாம் கணக்கெடுத்துச் சொல்ல நேர்ந்தபோது, தாம் மதிகேடனைப் போல் பேசுவதாகத் தாமே ஒத்துக்கொள்கிறார். அந்தப் பட்டியலை வாசித்துப் பாருங்கள். வாங்கிய அடிகள், உடைந்த கப்பல்கள், பசி, தூக்கமில்லாத இரவுகள். கடைசியில் தமஸ்கு நகரத்து மதில் வழியாக ஒரு கூடையில் இறக்கப்பட்டுத் தப்பி ஓடிய கதை. எந்த விருதுக்கு விண்ணப்பிக்கிறவன் தான் கூடையில் ஒளிந்து ஓடியதை எழுதுவான்?

நமது தேசத்தின் வழக்கத்திலும் இதில் இழுக்கொன்றும் இல்லை. 1954-இல் ஏற்படுத்தப்பட்ட பத்ம விருதுகளுக்கு ஒருவர் தம் பெயரைத் தாமே முன்மொழியலாம். செய்த பணியை 800 சொற்களுக்குள் விவரித்து எழுத வேண்டும் என்பது விதி. 2025-இல் அறிவிக்கப்பட்ட பத்மஸ்ரீ பட்டியலில் அலங்காநல்லூர்ப் பறை ஆசிரியர் வேலு ஆசான் பெயர் இருந்தது. நமக்குக் கூப்பிடு தூரத்தில், செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையில், தலைமுறைகளாகத் தெருக்கூத்து ஆடி வருகிற குடும்பத்தைச் சேர்ந்த கண்ணப்ப சம்பந்தன் பெயரும் இருந்தது. அவர்களுக்காக யார் எழுதினார்களோ, ஒருவர் உட்கார்ந்து அந்தச் சொற்களை எழுதித்தான் இருக்க வேண்டும். எழுதாத பெயர் எந்த மேசைக்கும் தானாக நடந்து போவதில்லை.

இதையெல்லாம் சுருக்கமாகப் பெரியவருக்குச் சொன்னேன். "சரி சாமி, பொய் இல்லாம எழுதினா பாவம் இல்ல," என்றார். நான் கால்மணி நேரம் பேசியதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

மகனுடைய கேள்வி அவ்வளவு எளிதாக முடியவில்லை.

பறை என்ற சொல்லுக்கே சொல்லுதல் என்று பொருள் உண்டு. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைக் கூறும்போது, தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை இவற்றோடு பறையையும் சேர்த்துச் சொல்கிறது. அவ்வளவு தொன்மையானது, அவ்வளவு பொதுவானது. மூன்று மரத்துண்டுகளை வளைவாக இணைத்து இரும்புப் பட்டை அடித்த சட்டம், புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய தோல், ஒரு கையில் நீண்ட மெல்லிய சிண்டுக் குச்சி, மறு கையில் குட்டையான அடிக்குச்சி. அடிப்பதற்கு முன் வைக்கோல் தீயில் காட்டித் தோலை முறுக்கேற்றுவார்கள். சூடு தவறினால் தோல் கிழியும், குறைந்தால் ஓசை எழும்பாது. சாவுக்கு ஓர் அடி, சாமி சாட்டுவதற்கு ஓர் அடி, மருள் வருவதற்கு ஓர் அடி, வாழ்த்துக்கு ஓர் அடி. ஏட்டில் எழுதாத பாடம் இது. மாமன் மடியிலும் அப்பன் தோளிலும் இருந்து கற்றது.

ஆனால் இந்த வாத்தியத்தோடு இன்னொரு சுமையும் சேர்ந்தே வந்தது. இன்ன சாதியார்தான் அடிக்க வேண்டும், இழவு விழுந்தால் அழைத்த குரலுக்கு ஓட வேண்டும், வாசலுக்கு வெளியே நின்று அடிக்க வேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று ஊர் விதித்தது. கலை என்று யாரும் அதைச் சொல்லவில்லை, கடமை என்றார்கள். மறுத்தவன் அடி வாங்கினான். ஆகவேதான் தமிழ்நாட்டில் எத்தனையோ தெருக்களில், மானமுள்ள மனிதர்கள் கூடி, இனிப் பறையைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அதே மானத்தை முன்னிட்டு வேறு சிலர் அதையே எடுத்து அடித்தார்கள். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில், ஒடுக்கப்பட்ட வீட்டுப் பெண்பிள்ளைகள் மேடையேறிப் பறை அடித்ததைப் பார்த்தவர்கள் நம்மிலும் இருக்கலாம். தொட மறுத்தவர்கள் செய்ததும் நியாயம், எடுத்து அடித்தவர்கள் செய்ததும் நியாயம். ஒரே வீட்டுக்குள் இரண்டு நியாயங்களும் இருந்துவிட்டால்தான் சங்கடம். அன்று என் அலுவலகத்தில் அப்படித்தான் இருந்தது.

பெரியவர் ஒன்பதாவது வயதில் தாய்மாமனுக்கு வைக்கோல் தீ பிடிக்கப் போனவர். அதிலிருந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் சுற்று வட்டாரத்து இழவு வீடுகளில் அடித்திருக்கிறார். பிறகு அவர்கள் தெருவே கூடி அதை நிறுத்தியது. பறை பரணுக்குப் போயிற்று. பல வருஷம் கழித்து, அப்போது இங்கிருந்த குருவானவர் திருவிழாத் தேருக்கு முன் அடிக்க அழைத்தார். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றிய ஏட்டில் அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்று சொல்லியிருந்தது. அந்த வார்த்தை நம் சந்து வரைக்கும் வந்து சேர இத்தனை காலம் பிடித்தது.

மகன் சொன்னது வேறு கதை. அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, தகப்பன் அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் மறுநாள் வகுப்பில் மேசையைத் தட்டி அதே அடியை அடித்துக் காட்டுவார்களாம். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்றார். இன்று அவர் பெண் பிள்ளை அதே ஊரில் படிக்கிறாள். விருது கிடைத்தால் செய்தித்தாளில் வரும், வாட்ஸாப்பில் சுற்றும். தேருக்கு முன் அடித்ததிலிருந்து எழுதட்டும், அதற்கு முந்தியது எதற்கு என்பது அவர் வாதம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. வெட்கப்பட வேண்டியவர்கள் விதித்தவர்கள், விதிக்கப்பட்டவர்கள் அல்லவே என்று ஒரு சிறு பிரசங்கமே செய்துவிட்டேன். மகன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது உங்களுக்குத் தெரியும் ஃபாதர், எனக்கும் தெரியும். அந்தப் பேப்பரப் படிக்கிறவனுக்குத் தெரியுமா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

ஒருவன் பட்ட அவமானத்தைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும் என்று அவனைக் கட்டாயப்படுத்த வேறொருவனுக்கு உரிமை கிடையாது. அவனுடைய நன்மைக்காக என்றாலும் கிடையாது. நாம் இன்று ஒப்புரவு என்று சொல்லும் அருட்சாதனத்தை நம் பாட்டிமார் பாவசங்கீர்த்தனம் என்றார்கள். அது தான் செய்த பாவத்தைச் சொல்லும் இடம். தனக்குச் செய்யப்பட்ட பாவத்தை யாரும் அங்கே சங்கீர்த்தனம் செய்ய வேண்டியதில்லை. விருது விண்ணப்பமோ பாவசங்கீர்த்தனத் தொட்டியும் அல்ல. அர்ச். தோமாஸ் அனுமதிக்கிற மௌனம், நன்மையை மறைக்கிறவனுக்கு மட்டுமல்லாமல் காயத்தை மறைக்கிறவனுக்கும் உரியதே என்று நான் துணிந்து சொல்வேன். ஆகவே, அதை எழுதாமல் விடுவது பொய்யாகாது. இந்த மட்டும் மகன் சொன்னதில் நியாயம் இருந்தது. நான்தான் அவசரப்பட்டேன்.

ஆனால் எழுதாமல் விட்டால் அந்தப் பக்கத்தில் ஓர் ஓட்டை விழுகிறது. எங்கே கற்றார்? யாரிடம் கற்றார்? தேருக்கு முன் நிற்கிற அன்று காலையில் கை தானாகப் பழகிவிட்டதா? அந்த இருபத்தைந்து வருஷத்தை வெட்டினால், வெட்டுப்படுவது ஊர் விதித்த இழிவு மட்டும் அல்ல. அந்த இழிவுக்கு நடுவே நின்று, சூடு எவ்வளவு, விரல் எங்கே என்று சொல்லிக் கொடுத்த தாய்மாமனும் சேர்ந்து வெட்டுப்படுகிறார். அவருக்கு விருதும் இல்லை, புகைப்படமும் இல்லை. இந்தப் பக்கத்தில் பெயர் வராவிட்டால் வேறெந்தக் காகிதத்திலும் வரப்போவதில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் அன்று. அமெரிக்காவின் தென்பகுதியில் கிராமத்து மக்கள் பாடி வளர்த்த இசையைக் கண்ட்ரி மியூசிக் என்பார்கள். நாஷ்வில் நகரத்தில் அதற்கென்று ஒரு புகழ் மண்டபமே உண்டு. அங்கே 1961-இல் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட மூவரில் ஒருவர் ஹாங்க் வில்லியம்ஸ் என்ற வெள்ளைக்காரப் பாடகர். சிறுவனாக இருந்தபோது அவருக்குக் கிட்டார் சொல்லிக் கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப் பாடகர். பெய்ன் 1939-இல் ஏழையாகவே இறந்தார். நிறவெறி தாண்டவமாடிய அந்த நாட்களில், புகழின் உச்சியில் இருந்த ஹாங்க் வில்லியம்ஸ் அந்த மனிதரைத் தம் ஆசிரியர் என்று வெளிப்படையாகச் சொன்னார். சொன்னதால்தான் இன்று ரூஃபஸ் பெய்ன் என்ற பெயர் கடல் கடந்து இந்தப் பங்கு மடல் வரைக்கும் வந்திருக்கிறது. அதே நாஷ்வில்லில், வானொலி நிகழ்ச்சியொன்றில் மவுத் ஆர்கன் வாசித்துப் பெயர்பெற்ற டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பினக் கலைஞர் 1941-இல் விலக்கப்பட்டு, பின்பு காலணி துடைக்கும் கடை நடத்தியே பிழைத்தார். 1982-இல் இறந்தார். புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தது 2005-இல். மரியாதை வந்து சேர்ந்தபோது ஆள் இல்லை. விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்று தயங்குகிற வயதானவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

அர்ச். அகுஸ்தீன் 397-ஆம் ஆண்டு வாக்கில் எழுதத் தொடங்கிய சுயசரிதைக்கு அறிக்கை என்று பொருள்படும் பெயரை வைத்தார். அந்த லத்தீன் சொல்லுக்குப் பாவத்தை ஒத்துக்கொள்வது என்றும் அர்த்தம், ஆண்டவரைப் புகழ்வது என்றும் அர்த்தம். தமிழிலும் பாருங்கள், பாவசங்கீர்த்தனம் என்ற சொல்லுக்குள் சங்கீர்த்தனம் இருக்கிறது. சங்கீர்த்தனம் என்றால் புகழ்ந்து பாடுவது. நம் முன்னோருக்கு இந்தச் சொல்லைக் கொடுத்த மிஷனரிமார் தெரிந்து கொடுத்தார்களோ, தற்செயலோ, எனக்கு அதை உச்சரிக்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும். தன் வாழ்க்கையை உண்மையாகச் சொல்ல ஆரம்பித்தவன் பாதிக்கு மேல் மற்றவர்களைத்தான் சொல்லிக்கொண்டிருப்பான். அகுஸ்தீனின் புத்தகத்தில் மோனிக்கம்மாள் வருகிற பக்கங்களைப் படித்தவர்களுக்கு இது தெரியும்.

மறுநாள் நான் ஒரு பக்கம் எழுதி வைத்து, இருவரையும் அழைத்து வாசித்துக் காட்டினேன். தவப்புதல்வர், கடல் கடந்த புகழ் எல்லாம் போயிற்று. இழவு வீடுகளில் அடித்த காலத்தைக் கலைச்சேவை என்று குறித்திருந்தேன். கண்ணியமாக இருக்கும், மகனுக்கும் உறுத்தாது என்று என் கணக்கு. பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சேவைன்னு போடாதீங்க சாமி. சேவைன்னா நானா போய்ச் செஞ்சது. இது கூப்ட்டா போயே ஆவணும்."

"வேலை என்று போடலாமா?"

"வேலைன்னா கூலி உண்டு."

"பின்னே என்னதான் போடுவது?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "கத்துக்கினேன்னு போடுங்க," என்றார்.

அப்படியே போட்டேன். ஒன்பதாம் வயது முதல் தாய்மாமனிடம், சுற்று வட்டாரத்து இழவு வீடுகளில் பறை கற்றுக்கொண்டேன். அந்த நாட்களில் வருகிறாயா என்று எங்களை யாரும் கேட்டதில்லை. இவ்வளவுதான் அந்த வரி. மகன் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, தாய்மாமன் என்று மட்டும் இருக்கிறதே, தாத்தாவின் பெயரையும் எழுதுங்கள் என்றார். பெயர் எழுதப்பட்டது.

இனி, என் தப்பைச் சொல்ல வேண்டிய இடம். விண்ணப்பத்துக்கு ஆதாரம் வேண்டும் என்றேன் அல்லவா? கலியாணப் பத்திரிகையில் நாதஸ்வர வித்துவானின் பெயர் அச்சாகும். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் மேளம் அடிக்கிறவரின் பெயரை யார் போடுவார்கள்? நம் கோவிலாவது போட்டிருக்கும் என்று நம்பி, அலமாரியிலிருந்து முப்பது வருஷத்துக்கு முந்திய திருவிழாக் கணக்கு நோட்டை எடுத்துத் தூசி தட்டினேன். பேண்டு வாத்தியக் குழுவின் பெயர் இருக்கிறது. பூக்காரர் பெயர் இருக்கிறது. சீரியல் விளக்குப் போட்டவரின் கையொப்பமே இருக்கிறது. அடுத்த வரியில், மேளம், 4 ஆள், தொகை. அதற்கடுத்த வருஷமும் 4 ஆள். அதற்கடுத்ததும் அப்படியே. எழுதினவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை, நல்ல மனிதர்கள். நான் வந்த பிறகு நடந்த திருவிழாக்களின் கணக்கையும் பார்த்தேன். என் கையெழுத்தில், பறைக் குழுவுக்கு என்று இருக்கிறது. ஆள் எண்ணிக்கையைக்கூட நான் எழுதவில்லை.

ஊர் விதித்ததைப் பற்றி அவர் மகனுக்கு ஒரு பிரசங்கம் செய்தவன் நான்.

சரி, நானே ஒரு சான்றிதழ் கொடுத்துவிடலாம் என்று எண்ணினேன். சான்றிதழ் விஷயத்தில் என் கை சுத்தமல்ல. இளங்குருவாக இருந்த காலத்தில், கேட்டவர்களுக்கெல்லாம் நன்னடத்தைக் கடிதம் எழுதிக் கொடுத்தவன். முகம் தெரியாத பையனையும் சிறுவயது முதல் அறிவேன் என்று எழுதியதுண்டு. அது தரும காரியம் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி எழுத மனம் வரவில்லை. நான் இந்தப் பங்குக்கு வந்து நான்கு வருஷம்தான் ஆகிறது. அவர் தேருக்கு முன் அடித்ததை நான்கு முறை பார்த்தேன் என்று மட்டும் என்னால் சாட்சி சொல்ல முடியும். அதை எழுதிக் கையொப்பமிட்டு முத்திரை வைத்துவிட்டேன். அதற்கு முந்தியதற்கு நான் சாட்சி அல்ல, நீங்கள்தான் சாட்சி. அர்ச். சின்னப்பரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டவர்களுக்கு அவர் கொரிந்து நகரத்து விசுவாசிகளையே கடிதமாகக் காட்டினார்.

ஆகையால் ஒரு விண்ணப்பம். வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின், கெபிக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருக்கும். அதில் அவர் எழுதிய பக்கமும், அதன் கீழே கோடு போட்ட இரண்டு தாள்களும் இருக்கும். எந்த வருஷம், எந்த இடத்தில் அவர் அடித்துக் கேட்டீர்கள் என்று ஒரு வரி எழுதி உங்கள் பெயரைப் போடுங்கள். திருவிழாவாக இருக்கலாம், உங்கள் வீட்டுத் துக்கமாகவும் இருக்கலாம். துக்க வீட்டை எழுதுவதானால், முதலில் அவருடைய மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவர் மேசைக்குப் பக்கத்திலேயே நிற்கச் சம்மதித்திருக்கிறார். நினைவில்லாததை எழுத வேண்டாம். பழைய புகைப்படம் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்தால் பிரதி எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம். விண்ணப்பம் திங்கட்கிழமை காலைப் பேருந்தில் காஞ்சிபுரம் போகிறது.

வரும்போது ஆளுக்கொரு பேனா கொண்டு வாருங்கள். பங்கு அலுவலகத்துப் பேனாக்களில் ஒன்றும் ஒழுங்காக எழுதுவதில்லை.

உங்கள் பங்குக் குரு